பட்டறை மூலை: நடுங்குகிற ஜிப்ஸிக்கு என்ன வைத்தியம்?

போன இதழில் என் 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப்பின் படம் வந்தாலும் வந்தது, இந்த மாதத் தபால் முழுக்க ஜிப்ஸிதான். டிராக்டர்காரர்களும் புல்லட்காரர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதங்கள் அடுத்த மாதம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கார் மெக்கானிக் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் ஃபிட்டராக இருந்தவன். 2006-ல் ஏலத்தில் எடுத்த வண்டியை வீட்டு வாசலில் வைத்துக் கழற்றிக் கழற்றிக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு.

கேள்வி: ஐயா, என்னிடம் 1997 ஜிப்ஸி கிங் இருக்கிறது. 50, 55-ல் போகும்போது ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடுகிறது. வண்டியை நிறுத்தினால்தான் ஆட்டம் அடங்குகிறது. தடிமனான ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) போட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா?
(கொடைக்கானல் வாசகர்)

பதில்: இப்போது போடாதீர்கள்.

2009-ல் நானும் இதையேதான் செய்தேன். புது டேம்பர் போட்டதும் ஆட்டம் காணாமல் போனது. எட்டு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். ஒரு மழை நாளில் கட்டபெட்டு தாண்டி இறக்கத்தில் வரும்போது டேம்பரைப் பிடித்திருந்த போல்ட் அறுந்தது. எட்டு மாதமாக அது அமுக்கி வைத்திருந்த ஆட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் என் கைக்கு வந்து சேர்ந்தது. டீச்செடி வேலியில் முட்டி நின்றோம். பக்கத்தில் இருந்த என் மனைவி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

முதலில் காசு செலவில்லாத வேலைகள். டயர் காற்றைச் சரிபாருங்கள், வீல் பேலன்ஸ் பாருங்கள். பிறகு வண்டி நான்கு காலிலும் நிற்கும்போதே, இன்ஜினை அணைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது சீட்டில் உட்கார வைத்து ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அப்படியும் இப்படியும் அசைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளான டை ராடு, டிராக் லிங்க் முனைகள் ஒவ்வொன்றிலும் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத லொடலொடப்பு விரலுக்குத் தெரியும். ஸ்பிரிங் பட்டையின் புஷ், பட்டை முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

அதிலெல்லாம் குற்றம் இல்லையென்றால் கிங்பின்தான். ஜிப்ஸியின் முன் ஆக்சில் ஓரத்தில் பந்து போல ஒரு உருண்டை இருக்கும். அதைச் சுற்றித்தான் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் திரும்புகிறது. மேலே ஒரு பின், கீழே ஒரு பின், இவைதான் கிங்பின். இரண்டும் ஆளுக்கொரு டேப்பர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. அதனால் அந்த நேர் நிலையிலேயே உருளைகள் வருடக்கணக்கில் இடி வாங்கி, தாங்கள் ஓடும் வளையத்தில், அதாவது பேரிங் ரேஸில், கோடு கோடாகப் பள்ளம் போட்டுவிடும்.

சோதிப்பது சுலபம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் கீழே ஸ்டாண்டோ மரக்கட்டையோ கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுகிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங். மிதித்த பிறகும் இருந்தால் கிங்பின்.

இனி தராசு வேலை, நக்கிள் எவ்வளவு இறுக்கமாகத் திரும்புகிறது என்று அளக்க. டை ராடைக் கழற்றி, உருண்டையின் பின்னால் இருக்கும் ஆயில் சீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்துச் சீலை நகர்த்திவிடுங்கள். சீல் உரசினால் கணக்குத் தப்பாக வரும். டை ராடு மாட்டும் துளையில் ஒரு கொக்கித் தராசை மாட்டி, நக்கிள் நகரத் தொடங்கும்வரை மெதுவாக இழுங்கள். ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் நகர வேண்டும். முதல் தடவை நான் ஃபேக்டரியில் பச்சை இலை நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தேன். ஐம்பது கிலோ மூட்டைக்குப் பழகிய முள், ஒன்றரை கிலோவுக்கு அசையக்கூட இல்லை. அப்புறம் பயணப் பை எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கினேன். அது இன்றைக்கும் ஸ்பேனர் பெட்டியில்தான் இருக்கிறது.

என் வண்டியில் இடது பக்கம் முந்நூறு கிராமுக்கே நகர்ந்தது. ஒரு விரலால் தள்ளினால் கதவு மாதிரித் திரும்பியது. அதோடு, நடுவில் வரும்போது மட்டும் ‘டக்’ என்று ஒரு இடத்தில் உட்கார்ந்தது. அந்த ‘டக்’தான் ரேஸில் விழுந்த பள்ளம். இது இருந்தால் ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) எடுத்துப் பயனில்லை, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு பேரிங்கும் ரேஸோடு மாற்றிவிடுங்கள். ‘டக்’ இல்லாமல் வெறும் தளர்ச்சி மட்டும் என்றால், பின்னுக்கு அடியில் இருக்கும் 0.1 மில்லிமீட்டர் ஷிம்மை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஷிம் குறையக் குறைய இறுக்கம் கூடும். மேலேயும் கீழேயும் ஷிம் ஒரே கனத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் ஆக்சில் ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும்.

கழற்றிய பழைய ஃபெல்ட், சீல் எதையும் திருப்பி மாட்டாதீர்கள். நக்கிளுக்குள் கிரீஸ் கெட்டியாக இல்லாமல் ரசம் மாதிரி ஓடினால், உள் ஆயில் சீல் போய் கிரவுன் ஆயில் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கரங்களின் ஆயில்) அங்கே வந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் இதே கையோடு மாற்றிவிடுங்கள், இரண்டாம் தடவை இந்த அழுக்கில் கை வைக்க மனசு வராது. எல்லாம் முடிந்த பிறகும் உங்களுக்கு டேம்பர் ஆசை இருந்தால், கம்பெனி அளவில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீளமாக்கி, 235/75 ஆர்15 டயர் போட்டால் வண்டி எவ்வளவு உயரும்? மலைப்பாதையில் அடி தட்டுகிறது.
(போடிநாயக்கனூர் வாசகர்)

பதில்: இரண்டு அங்குல ஷேக்கிளுக்கு வண்டி ஒரு அங்குலம்தான் உயரும். பட்டையின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது, ஆக்சில் நடுவில் இருக்கிறது. ஜிப்ஸியில் முன்பக்க ஷேக்கிள் ஆக்சிலுக்கு முன்னால் இருப்பதால், அதை நீட்டினால் ஆக்சிலின் தலை முன்னால் சாயும். காஸ்டர், அதாவது கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம், குறையும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வராமல் வண்டி ரோட்டில் அலையும். அப்புறம் மேலே கொடைக்கானல்காரருக்கு வந்த வியாதி உங்களுக்கும் வரும்.

டயர் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கிங்கோடு வந்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். நீங்கள் கேட்பது சுமார் 733. ஆக்சில் உயர்வது அதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டருக்குள். அதற்குக் கொடுக்கிற விலை என்ன? ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போய்க்கொண்டிருக்கும். இழுவை கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறையும். கார்புரேட்டர் கிங்குக்கு இருப்பதே 60 குதிரைத்திறன். போடிமெட்டு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போனவர் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போயாக வேண்டும். அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் உயர்த்திய வண்டியோடு நின்று கையைப் பிசைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டி அடி தட்டுவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். சமதரையில் நிறுத்தி, நான்கு பக்கமும் தரையிலிருந்து ஃபெண்டர் வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். டிரைவர் பக்கம் இறங்கியிருந்தால் பட்டை உட்கார்ந்துவிட்டது. லாரிக்குப் பட்டை கட்டும் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி, உடைந்த பட்டையை மட்டும் மாற்றி, புது சென்டர் போல்ட்டும் புஷ்ஷும் போடுங்கள். எனக்கு அதிலேயே ஒரு அங்குலத்துக்கு மேல் திரும்பக் கிடைத்தது. யு போல்ட் நட்டுகளை நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்குங்கள், மறக்காதீர்கள்.

கேள்வி: ஆற்றில் இறங்கி ஏறிய மறு வாரம் கிரவுன் ஆயிலைப் பார்த்தேன், பால் காப்பி நிறத்தில் இருக்கிறது. தண்ணீர் சக்கர மையத்துக்கு மேல் வரவில்லை. எப்படி உள்ளே போனது?
(கூடலூர் வாசகர்)

பதில்: நீங்களாகவே உள்ளே உறிஞ்ச வைத்துவிட்டீர்கள். ஓடிய ஆக்சில் சூடாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்குகிற காற்றுக்கு மேலே இருக்கும் பிரீதர் என்கிற காற்றுத் துளை வழி கொடுக்க வேண்டும். அது சேற்றில் அடைத்துப்போயிருந்தால், சீல் ஓரமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, அங்கிருந்து ஒரு ரப்பர் ட்யூபை இன்ஜின் அறையில் உயரமான இடம்வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். இந்த ஒரு வேலையை நான் எல்லா ஜிப்ஸிக்காரர்களுக்கும் சொல்வேன். செலவு இரண்டு பேர் டீ குடிக்கிற காசுதான். ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதும் நல்லது, அதற்குள் ஆழத்தையும் நடந்து பார்த்துவிடலாம்.

ஆயில் மாற்றும்போது ஒன்றே ஒன்று: முதலில் ஊற்றுகிற பிளக்கைத் திறங்கள், அது திறந்த பிறகுதான் வடிக்கிற பிளக்கில் கை வைக்க வேண்டும். நான் ஒருமுறை மாற்றிச் செய்தேன். ஆயில் முழுக்கச் சட்டியில் வடிந்துவிட்டது, மேல் பிளக் துருவில் பிடித்துக்கொண்டு அசையவில்லை. இரண்டு நாள் வண்டி வாசலில் பட்டினி கிடந்தது. கடைசியில் லேத் பட்டறைக்காரர் வந்து பிளக்கின் மேல் ஒரு நட்டை வெல்டு வைத்துத் திருகி எடுத்தார்.

முன் கிரவுனுக்கு 2 லிட்டர், பின்னுக்கு ஒன்றரை, முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 800 மில்லி. கிரவுனுக்கு ஜி.எல்.5 ஆயில். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 போதும், உள்ளே கியர் மாற்ற உதவும் சின்க்ரோ ரிங் பித்தளை, அதற்கு ஜி.எல்.5 ஆகாது. மீந்ததை வீணாக்கக் கூடாது என்று கிரவுன் ஆயிலை கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். தண்ணீர் கலந்த வண்டிக்குப் புது ஆயில் ஊற்றி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் முழுக்கப் போகும்.

கேள்வி: ஃபோர் வீல் போட்டால் லீவர் திரும்ப வரமாட்டேன் என்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டுமா?
(ஏற்காடு வாசகர்)

பதில்: வேண்டாம். தார் ரோட்டில் ஃபோர் வீலோடு வளைவு திரும்பியிருப்பீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போவதில்லை, அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க ஜிப்ஸிக்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. எல்லாம் முறுக்கேறி நிற்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், லீவர் தானாக வரும். ஃபோர் வீல் மண்ணுக்கும் சேற்றுக்கும் மட்டும்தான்.

கேள்வி: தரைத் தகட்டில் ஓட்டை விழுந்து ரோடு தெரிகிறது. நானே வெல்டிங் வைக்கலாம் என்று இருக்கிறேன். கழிவு இன்ஜின் ஆயிலை அடியில் பூசினால் துருப் பிடிக்காது என்கிறார்களே?
(இராமேஸ்வரம் வாசகர்)

பதில்: கடல் காற்றில் வண்டி வைத்திருப்பவருக்கு முதலில் என் அனுதாபம். ஓட்டையை விட்டுவிட்டு, பாடியை ஃபிரேமோடு பிடிக்கும் இடங்களைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டங்’ என்றால் தகடு உயிரோடு இருக்கிறது. ‘டப்’ என்றால் பெயின்ட் மட்டும்தான் மிச்சம். ஃபிரேமிலேயே ‘டப்’ கேட்டால் அதை வீட்டு வெல்டிங்கில் செய்யாதீர்கள், சேஸ் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தரைத் தகடு நீங்களே செய்யலாம். பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் பின்பக்கம் அடியில்தான் இருக்கிறது, அதை முழுவதுமாக இறக்கித் தூரத்தில் வையுங்கள். ‘டேங்க் காலிதான், பரவாயில்லை’ என்று சொல்லாதீர்கள். நிரம்பிய டேங்கை விடக் காலி டேங்க்தான் ஆபத்து, வெடிப்பது உள்ளே நிற்கும் ஆவி. பக்கத்தில் ஒரு வாளி ஈர மணல் இருக்கட்டும். துருவைப் பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வையுங்கள். துருவின் மேல் ஒட்டுப்போட்ட தகடு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

கழிவு ஆயில் பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு, எனக்குப் பிடிக்காது. அது புஷ்ஷையும் பிரேக் ஹோஸையும் ஊற வைத்துக் கெடுக்கும், அதில் ஒட்டும் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஜிங்க் பிரைமர், அதன் மேல் பெயின்ட், அவ்வளவுதான். தரையில் கம்பெனி விட்டிருக்கும் தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடாதீர்கள். கடற்கரையில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், பெயின்டைவிட அது பெரிய வேலை செய்யும்.

கேள்வி: பழைய ஜிப்ஸி, காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு. ஷெட்டில் பெட்ரோல் வாசனை. எத்தனால் பெட்ரோல் காரணமா?
(கோவை வாசகர்)

பதில்: முதலில் வாசனையைப் பாருங்கள், ஸ்டார்ட்டிங் அப்புறம். 1985-ல் தொடங்கிய 970 சிசி வண்டிகளும், 1996-ல் வந்த கிங்கின் முதல் சில வருட வண்டிகளும் கார்புரேட்டர். அவற்றின் ரப்பர் ட்யூபுகள் இப்போது பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. ட்யூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, தொட்டால் கை கறுத்துப் பிசுபிசுத்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை, ரிட்டர்ன் ட்யூபும் சேர்த்து. கடையில் ‘ஜே30 ஆர்9’ என்று அச்சடித்த ட்யூபாகக் கேட்டு வாங்குங்கள், கிளிப்பும் புதிதாக. சைக்கிள் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் ட்யூபைப் போட்டு இன்ஜின் சூட்டில் விடுவது விளையாட்டில்லை.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்கவும், அடியில் வெள்ளைப் பொடியும் சொட்டுத் தண்ணீரும் இருக்கும். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கினால் பதற வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். சூடாகிறது என்று யாரோ ஒருவர் என்றைக்கோ பிடுங்கி எறிந்திருப்பார். என் வண்டியிலும் அப்படித்தான் வெறும் கேஸ்கெட் மட்டும் இருந்தது. அது இல்லாவிட்டால் இன்ஜின் வேலைச் சூட்டுக்கு வரவே நேரமாகும், சோக் இழுத்தபடியே பாதி ஊர் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: இவ்வளவு பாடுபடுவதற்குப் புது ஜிம்னி வாங்கிவிடலாமே, ஐயா? கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.
(சென்னை வாசகர்)

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஏ.சி. இருக்கிறது, காயில் ஸ்பிரிங் இருக்கிறது, இடுப்பு பிழைக்கும். 2023-ல் அது வந்தபோது என் மகன் என்னைக் குன்னூரிலிருந்து கோவைவரை அதில் கூட்டிப்போனான். நல்ல வண்டி. ஆனால் பானெட்டைத் திறந்தேன், எதில் ஸ்பேனர் வைப்பது என்றே தெரியவில்லை. மூடிவிட்டேன்.

என் நோட்டில் கணக்கு இருக்கிறது. சென்ற வருடம் ஜிப்ஸிக்குச் செலவான நாட்கள் 22, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. வீட்டம்மா அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, மற்ற முப்பது ஞாயிறும் எங்கே போனது என்று கேட்டாள். இந்த ஞாயிறு பின் பிரேக் சிலிண்டர் கசிவு. கிட் வாங்கி வைத்தாயிற்று, மழை விட வேண்டும்.